தளம் காய்ந்த பிறகு

மொட்டை மாடி பிரிக்கிற வேலை வந்தால், கடப்பாரையைத் தொடுவதற்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். பகலில் போய்ப் பயனில்லை. மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அறைக்குள் பாதிச் சூடுதான் இறங்கியிருக்கும். ஐந்தங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே விடும். ஸ்டூல் போட்டு ஏறி, புறங்கையை உள்கூரையில் வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கை சிமெண்டில் காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. புறங்கைக்குத் தெரியும். நடுவில் ஓரிடம், சுவரோரத்தில் ஓரிடம், மழைக்குழாய் இறங்கும் மூலையில் ஓரிடம். நடுவில் சுடும். மூலையில் மட்டும் கை குளிர்ந்தால் அங்கே ஈரம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்குவேன். மறுநாள் மேலே பிரிக்கும்போது அந்த வட்டத்துக்கு நேர் மேலேதான் முதல் அடி விழும்.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பெரிய மேஸ்திரி. 1984-ல், 15 வயதில், மதுரையில் அவரிடம் சித்தாளாகச் சேர்ந்தேன். அப்போது தளத்துக்கு மேல் போடுவது சுருக்கி ஒன்றுதான். சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, 20 மில்லி செங்கல் ஜல்லியோடு கலக்க வேண்டும். மணல் சேரக் கூடாது. பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு. நாலங்குலம் கொட்டினால் தட்டி முடிக்கும்போது மூன்றங்குலம் நிற்கும். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டுவார்கள். ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, கட்டைகள் ஒரே நேரத்தில் விழும். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வருவோம். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை அது. ஒரு வாரம் தட்ட வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டால் மேஸ்திரி சொல்வது ஒன்றுதான்: "கட்டை துள்ளணும்." தட்டின கட்டை பச்சைச் சுருக்கியில் பொத்தென்று உட்காரும். இறுகின சுருக்கியில் கையைத் தூக்கிவிடும். அந்தத் துள்ளல் தளம் முழுக்க ஒரே மாதிரி வரும்வரை கட்டையைக் கீழே வைக்கக் கூடாது.

எனக்கு 17 வயதிருக்கும். ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலை, குனிந்து தட்ட இடம் போதாது. ஆளுக்கு ஆள் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசி நாள் நானும் பார்த்துவிட்டு, மேலே கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை மெழுகி மற்ற இடத்தோடு நிறத்தைச் சேர்த்துவிட்டேன். மேஸ்திரி சாயங்காலம் வந்தார். கட்டையை வாங்கினார். நடுவில் எங்கும் தட்டிப் பார்க்கவில்லை, நேரே அந்த மூலைக்குத்தான் போனார். பொத். திட்டுவார் என்று நின்றேன். "எங்க குனியக் கஷ்டமோ அங்கதான்டா தண்ணி உக்காரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெழுகின அடையைக் கரண்டியால் பெயர்த்துக் கொட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நான் தனியாகத் தட்டினேன். இன்றைக்கும் எந்த மாடிக்குப் போனாலும் என் கால் முதலில் தொட்டிக்குப் பின்பக்கம்தான் போகிறது.

சுருக்கி நல்ல பொருள். வாட்டத்துக்கு அதைப் போல ஒத்துழைக்கும் கலவை வேறில்லை. ஆனால் வெயிலைத் தடுக்கும் கணக்கில் அதை வைத்தால் ஏமாற்றம்தான். சித்திரை மத்தியானம் மொட்டை மாடியின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடுகிறது. மூன்றங்குலச் சுருக்கி அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான். வெயிலைத் தடுக்க இன்றைக்கு நாங்கள் போடுகிற எக்ஸ்பிஎஸ் என்ற நுரைப் பலகையில் ஒன்றரை நூல் கனம் செய்கிற வேலையை அந்த மூன்றங்குலம் செய்தாலே பெரிது. இரண்டங்குலப் பலகை நிறுத்துகிற வெப்பத்தை வெறும் கான்கிரீட்டால் நிறுத்த வேண்டுமானால் எட்டடிக்கு மேல் கனம் வேண்டும். ஒரு பொறியாளர் தாளில் போட்டுக் காட்டியபோது நான் நம்பவில்லை. பிறகு என் கையால் நாலைந்து வீடு போட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குப் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகு நம்பினேன்.

பலகையைக் கீழே, உள்கூரையில் ஒட்டினால் என்ன என்று கேட்பார்கள். மலிவு, மாடியைப் பிரிக்க வேண்டாம். நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கீழே ஒட்டினால் அறைக்குச் சூடு குறையும், வாஸ்தவம். ஆனால் தளம் வெயிலில்தான் கிடக்கிறது. 30 அடி நீளத் தளம் 35 டிகிரி ஏறி இறங்கினால் ஒரு நூல் நீண்டு ஒரு நூல் சுருங்கும். தினமும் இப்படி நடந்தால் அந்த ஒரு நூலைக் கைப்பிடிச் சுவரின் அடி தாங்காது. பெரும்பாலான வீடுகளில் சுவரும் தளமும் சேருமிடத்தில் நீளவாக்கில் மயிர்க்கோடு ஓடுவதற்கு இந்த இழுபறி ஒரு முக்கியக் காரணம். ஈரத்தடுப்புப் பூச்சு பிளப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பலகையை மேலே போட்டால் தளமும் பூச்சும் சேர்ந்து நிழலுக்குள் வந்துவிடுகின்றன. தளத்துக்கே குடை பிடித்த மாதிரி. நான் பலகையை மேலே போடச் சொல்வது அறையில் தூங்குகிறவர்களுக்காக மட்டும் இல்லை, தளத்துக்காகவும்தான்.

பலகை வேலை என் கைக்கு வந்தபோது எனக்கு 40 வயது. பழகின கை என்ற நினைப்பில் முதல் வேலையிலேயே நஷ்டப்பட்டேன். பலகை காற்றில் நகராமல் இருக்கப் புள்ளி புள்ளியாய்ப் பசை வைக்கச் சொன்னார்கள். மைக்கா ஒட்டும் பசை கைவசம் இருந்தது, டின்னைத் திறந்தாலே மூக்கில் ஏறும் அந்த வகை. முப்பது பலகைக்கு அதைத் தடவி, கல்லைப் பாரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து ஒரு பலகையைத் தூக்கினேன். பசை தொட்ட இடமெல்லாம் கரையான் அரித்த மாதிரி குழி. பெட்ரோலில் தெர்மோகோலைப் போட்டால் கரைவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். இதுவும் அதே பொருள்தான், இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. முப்பது பலகைக்கும் என் கூலியிலிருந்து கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் பசை, எந்தப் பிரைமர், எந்தத் தார் வந்தாலும் உடைந்த துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்து, நகத்தால் கீறிப் பார்க்காமல் தளத்துக்கு அனுப்புவதில்லை.

இன்னொரு முறை ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆடி மாதம். பலகையை வரிசையாய் விரித்துவிட்டோம், மேல் காரைக்கு மணல் வரத் தாமதம். ஆடிக் காற்று பலகைக்கு அடியில் ஒரு விரல் இடம் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தது போல, ஒன்றைத் தூக்கியதும் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. பக்கத்துத் தென்னந்தோப்பில் போய்ப் பொறுக்கினோம். யார் மேலும் விழவில்லை, அது தெய்வச் செயல். அன்றைக்கு மூடி முடிக்கிற அளவு மட்டுமே அன்றைக்கு விரிப்பது என்பது அப்போது வைத்துக்கொண்ட வழக்கம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்த வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தால் பலகையின் மேல்தோல் மஞ்சளித்துப் பொடிப்பொடியாய் உதிரும். கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் அதற்குமேல், உள்ளே சூடேறி அப்பளம் போல வளைந்துவிடும். மாடிப்படிக்கு அடியில் நிழலில் அடுக்குங்கள், படுக்கை வாட்டத்தில்.

இவையெல்லாம் சின்னத் தப்புகள். பணத்தோடு போனவை. என்னை மாற்றிய தப்பு வேறு.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. 1,000 சதுர அடி மாடி, மேலே முப்பது வருடத்துச் சுருக்கி. ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து பத்து நாள் வெயில் அடித்திருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், எங்கும் பொள்ளல் சத்தம் இல்லை. நல்ல சுருக்கியை ஏன் பெயர்க்க வேண்டும், அம்மாவுக்கு உடைக்கிற கூலியும் குப்பை அள்ளுகிற லாரி வாடகையும் மிச்சமாகட்டும் என்று நினைத்தேன். நல்ல மனதோடுதான் செய்தேன். மேலே பதித்திருந்த தட்டோடு (தட்டையான ஓடு) பெயர்ந்த இடங்களைச் சரிபண்ணி, பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சு இரண்டு கோட்டு, அதன்மேல் பலகை, அதன்மேல் காரை, புதுத் தட்டோடு. மார்கழிக்குள் முடித்துக் கொடுத்துவிட்டேன். வேலை பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

பங்குனியில் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மின்விசிறி மாட்டுகிற கொக்கியின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நின்றது. கீழே பாத்திரம் வைத்திருந்தார். கூரையில் சுண்ணாம்பு பொரிந்து, உப்பு பூத்து, வெள்ளை வெள்ளையாய் மாவு மாதிரி உதிர்ந்திருந்தது. "மழ பெஞ்சு மூணு மாசம் ஆச்சு மேஸ்திரி. எங்கருந்து சொட்டுது, சொல்லுங்க" என்றார். கோபமில்லாமல் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அது கோபத்தைவிடச் சுட்டது.

மேலே போய் ஒரு சதுர அடி திறந்தேன். தட்டோடு நன்றாக இருந்தது. காரை நன்றாக இருந்தது. பலகை காய்ந்திருந்தது. பூச்சில் ஒரு கீறல் இல்லை. பூச்சை வெட்டி உள்ளே கையை விட்டேன். பழைய சுருக்கி அச்சு வெல்லம் போலக் கசகசவென்று இருந்தது, பிடித்தால் கையில் உருண்டை நின்றது. மழைத் தண்ணீரை நான் வெளியே நிறுத்தவில்லை. உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் சதுர அடிக்கு மூன்றங்குலச் சுருக்கி என்பது பன்னிரண்டு, பதின்மூன்று டன். செங்கல் ஜல்லி தண்ணீர் குடிக்கிற பொருள். தன் எடையில் பத்தில் ஒரு பங்கு குடித்திருந்தாலும் ஆயிரம் லிட்டருக்கு மேல். முன்னெல்லாம் இதே சுருக்கி மழையில் குடித்ததைத் தை, மாசி வெயிலில் மேலே திருப்பிக் கொடுத்துவிடும். சுண்ணாம்பு மூச்சு விடுகிற பொருள், அதனால்தான் முப்பது வருடம் அது தாங்கியது. நான் அதன்மேல் மூச்சு விடாத பூச்சைப் பூசி, வெயிலும் எட்டாதபடி பலகையைப் போட்டு மூடினேன். மேலே போக வழியில்லாத தண்ணீர் மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, வயர் ஓடும் குழாயைப் பிடித்து, கொக்கியில் வந்து நின்றது. பலகை தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

அந்த மாடியை என் செலவில் முழுக்கப் பிரித்தேன். சுருக்கியைக் கடைசிச் சில்லு வரை அள்ளிவிட்டு, வெறும் கான்கிரீட்டைச் சித்திரை முழுக்க வெயிலில் போட்டேன். அந்த அம்மா ஒரு நாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இப்பத்தான் தளம் தெரியுது" என்றார். வைகாசியில் திரும்ப மூடினேன்.

அதற்குப் பிறகு காய்ந்திருக்கிறதா என்று கண்ணை நம்பி முடிவு செய்வதில்லை. மேல் தோல் அரை நாளில் வெளுத்துவிடும், உள்ளே மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். கெட்டியான பாலிதீன் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் தளத்தில் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். மறுநாள் தாளைத் தூக்கினால் அடியில் பனித்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ தளம் இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு நாலு தாள் ஒட்டுங்கள், ஒன்று சாக்பீஸ் வட்டத்துக்கு நேர் மேலே, ஒன்று தொட்டிக்குப் பின்னால். நாலும் காய்ந்து வந்தால்தான் பூச்சு. பூச்சு இறுகின பிறகு மழைக்குழாயை அடைத்து, இரண்டங்குலம் தண்ணீர் கட்டி மூன்று நாள் நிறுத்தி, கீழே ராத்திரியில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுகவில்லை என்றால் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடியும் காய வைக்க வேண்டும். இப்படிக் காய வைக்கிற நாட்களை எண்ணினால் பலகை போடுகிற நாட்களைப் போலப் பல மடங்கு வரும். பலகை விரிப்பது இரண்டு பேர் அரை நாளில் முடிக்கிற வேலை. அதைக் கற்றுக்கொள்ள என்னிடம் வர வேண்டியதில்லை. காத்திருக்கக் கற்றுக்கொள்ளத்தான் வர வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. ஆள் வரவில்லை, வேலை நடக்கவில்லை, மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்று நினைப்பார். முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடியாது என்று தெரிந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். புரட்டாசியில் தளத்தைத் திறக்காதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும்.

வாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்பது என் கணக்கு. இந்த வாட்டம் பலகைக்குக் கீழே, பூச்சுக்கும் கீழே, தளத்தின் மேலேயே வந்துவிட வேண்டும். மேல் காரையில் வாட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பலகை இணைப்பு வழியாக இறங்குகிற தண்ணீர் அடியில் பூச்சின் மேல் தேங்கிக் கிடக்கும். ட்யூப் மட்டம் பிடித்து, நூல் கட்டி, மழைக்குழாயிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மட்டம் பிடித்த பிறகும் ஒரு செம்புத் தண்ணீரை எட்ட இருக்கும் மூலையில் ஊற்றி, அது போகிற வழியோடு கூடவே நடந்து பாருங்கள். பெரிய மேஸ்திரி அப்படித்தான் நடப்பார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தை நடை பழகுவதைப் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி. தண்ணீர் எங்கே தயங்குகிறதோ அங்கே கால் பெருவிரலால் அழுத்திக் காட்டுவார். நான் கரண்டியோடு பின்னாலேயே போவேன்.

உயரத்தை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வாட்டக் காரையை விட்டுவிட்டாலும் பலகை இரண்டங்குலம், அதன்மேல் காரை இரண்டங்குலம், தட்டோடும் கலவையும் ஒன்றரை அங்குலம், ஆக ஐந்தரை அங்குலம் மாடி ஏறிவிடும். பழைய சுருக்கியை எடுத்தால் மூன்று, நாலு அங்குலம் திரும்பக் கிடைக்கும். மிச்சம் எங்கே போகும்? மாடிப்படிக் கதவின் நிலைக்குத்தான் போகும். நிலைப்படியைவிட மாடி உயர்ந்துவிட்டால் முதல் மழைக்கே தண்ணீர் படி வழியாக வீட்டுக்குள் இறங்கிவிடும். வேலைக்கு விலை பேசும் முன்பே நிலையை அளந்து, தேவைப்பட்டால் உயர்த்த வேண்டிய செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைக்குழாயின் வாயையும் அப்படியே. பூச்சின் மேல் வருகிற தண்ணீரும் தட்டோட்டின் மேல் வருகிற தண்ணீரும் இரண்டுமே அதற்குள் இறங்க வேண்டும். ஆகவே வாயின் பழைய மட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு சட்டி அகலத்துக்குப் பள்ளமாக விட்டுக் கட்டுவேன். கைப்பிடிச் சுவரும் உயரம் குறைந்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீடென்றால் இரண்டு வரிசைச் செங்கல் ஏற்றச் சொல்லுங்கள்.

இனி பலகைக்கு வருவோம். பலகையை வாங்கும்போது தட்டிப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள். டி.வி. பெட்டியில் வருகிற தெர்மோகோல் மாதிரி மணிமணியாகத் தெரிந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. மணிகளுக்கு நடுவில் நாளடைவில் தண்ணீர் ஏறும், மேலே ஆள் நடந்தால் நசுங்கும். எக்ஸ்பிஎஸ் பலகையை ஒடித்தால் உள்ளே ரொட்டி மாதிரி நெருக்கமான ஒரே சீரான அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் மூடின அறை, அதனால் தண்ணீர் குடிக்காது. நாலடிக்கு இரண்டடி அளவில் வரும். கன மீட்டருக்கு 32 முதல் 36 கிலோ அடர்த்தி கேட்டு வாங்குங்கள். ஆள் பாரத்தைத் தாங்கும், ஆனால் பாண்டுச் சட்டியின் விளிம்பு, கம்பி முனை, சாரக்கட்டையின் கால் இவற்றைத் தாங்காது. நடக்கிற வழியில் ஒரு மரப்பலகை போட்டுவிட்டுத்தான் கலவை தூக்கச் சொல்வேன்.

இரண்டங்குலம் வேண்டுமானால் ஒரே இரண்டங்குலப் பலகையாக வாங்காமல் ஓரங்குலமாக வாங்கி இரண்டு அடுக்குப் போடுவது என் பழக்கம். செங்கல் கட்டுவது போலத்தான், கீழ் வரிசை இணைப்பு மேல் வரிசைப் பலகையின் நடு வயிற்றில் வர வேண்டும். கூலி கூடும். கூடினாலும் நான் விட்டுக்கொடுக்காத காரணத்தை ஒரு மார்கழிக் காலையில் பார்த்தேன்.

நான் போட்ட மாடிதான். ஒற்றை அடுக்கு. சில இடங்களில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் அகலம் விட்டுப்போய், மேல் காரை போடும்போது கலவை அந்த இடுக்கில் இறங்கி நிரம்பியிருந்தது. சுவரோரத்தில் பலகையை அளவாய் வெட்டச் சோம்பி அரைச் சாண் நிறுத்தியிருந்தார்கள் பையன்கள், நானும் பார்க்காமல் விட்டேன். வேறு வேலையாக விடியற்காலை ஐந்தரைக்கு அந்த மாடிக்கு ஏறினேன். தட்டோடு முழுக்கப் பனி இறங்கி மங்கலாய் இருந்தது. ஆனால் சுவரோரமாக அரைச் சாண் அகலத்துக்கு ஒரு பட்டை, பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தது. நடுவிலும் நாலைந்து கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. சேலைக்குக் கரையும் கட்டமும் போட்டது போல எங்கள் வேலை மொத்தமும் மேலே எழுதி வைத்திருந்தது. பலகை இருந்த இடத்தில் கீழிருந்து சூடு மேலே வரவில்லை, அதனால் ஓடு குளிர்ந்து பனி பிடித்தது. கலவை இறங்கின இடத்தில் வீட்டுச் சூடு மேலேறி ஓட்டைக் காய வைத்திருந்தது. ராத்திரி சூடு மேலே போகிற வழிதான் பகலில் வெயில் கீழே வருகிற வழி. வெயில் ஏறி ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். மறு கோடையில் போய் ஓரத்தைத் திறந்து பலகை சேர்த்துக் கொடுத்தேன்.

அதனால் ஓரத்தை முதலில் வெட்டச் சொல்வேன். வெட்டுவதற்கு ஆக்சா பிளேடோ கட்டர் கத்தியோ போதும். முழுக்க அறுக்க வேண்டாம், பாதி ஆழம் கீறி, முழங்காலில் வைத்து ஒடித்தால் நேராக உடையும். சுவரை ஒட்டி ஒரு நாணயம்கூட நுழையாதபடி சேர வேண்டும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்திலும் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை நிறுத்தினால் இன்னும் நல்லது. கீழே போட்ட ஈரத்தடுப்புப் பூச்சு அந்தப் பலகைக்குப் பின்னால், முடிந்த மாடி மட்டத்துக்கு மேல் ஓரடி ஏறியிருக்க வேண்டும். இணைப்புகளில் டேப் ஒட்டி, மேலே துணி விரிப்போ பாலிதீனோ போட்டுவிட்டால் காரைத் தண்ணீர் இடுக்கில் இறங்காது. அதன்மேல் கோழி வலை, வலைக்கு மேல் இரண்டங்குலக் காரை. வலையைப் பலகைமேல் படுக்கவிட்டால் பயனில்லை, சின்னச் சின்னக் கலவை உருண்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். காரையைப் பத்தடிக்குப் பத்தடி கட்டமாகப் பிரித்துவிடுங்கள். பலகை கீழே சூட்டை நிறுத்திவிடுவதால் காரை தன்னந்தனியாக முழு வெயிலையும் வாங்கும். பிரித்துவிடாவிட்டால் அதுவே தன் இஷ்டத்துக்குப் பிரிந்துகொள்ளும். தட்டோட்டை முதல்நாளே தண்ணீரில் ஊறப்போடுவது, ஒன்றுக்கு மூன்று கலவை, வெள்ளைப் பூச்சு, இவையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவை.

பெரிய மேஸ்திரி எக்ஸ்பிஎஸ் பலகையைப் பார்த்ததில்லை. கடைசி வருடங்களில் ஒரு தடவை அவரைப் பார்க்கப் போனபோது ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய மரக்கட்டை என்னிடம் இருக்கிறது. பிடிக்கிற இடத்தில் நாலு விரலுக்கும் பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது, அவர் கை பெரிது. இருந்தாலும் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் வாரம் அதைத்தான் கொடுக்கிறேன். மேல் காரை போட்ட பிறகு தளம் முழுக்க அதால் தட்டிக் கேட்டுக்கொண்டு வரச் சொல்வேன். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே என்னைக் கூப்பிட வேண்டும்.

இப்போது ஒரு வீட்டில் தளத்தைத் திறந்து போட்டிருக்கிறோம். சுருக்கியை அள்ளி 26 நாள் ஆகிறது. பலகை 130, மாடிப்படிக்கு அடியில் நிழலில் படுத்திருக்கிறது. வீட்டுக்காரர் நேற்று இரண்டு தரம் போன் செய்துவிட்டார். நாலு தாளில் மூன்று காய்ந்து வந்துவிட்டது. தொட்டிக்குப் பின்னால் ஒட்டின தாளில் மட்டும், நேற்றுக் காலையில் தூக்கியபோது, வலது மூலையில் கடுகளவில் ஏழெட்டுத் துளி. அதைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டி வந்திருக்கிறேன். நாளைக் காலையில் போய்த் தூக்கிப் பார்க்க வேண்டும்.